மண் தட்டு இருந்த மூலை

முதலில் சுவரைப் பார்த்துக் கத்தினாள். மதுக்கரையில் எங்கள் வீட்டு ஹாலில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே தலையை நுழைத்து, பின்வாங்கத் தெரியாமல் நின்றாள் எங்கள் பூனை சின்னு. வயது பதினாறு. பல்லியைப் பார்த்துக் கத்துகிறாள் என்று நான் சமையலைக் கவனிக்கப் போய்விட்டேன்.

அடுத்து, சாப்பிட்ட கையோடு மறுபடி கிண்ணத்தின் முன் வந்து உட்கார்ந்தாள். நாக்கு நீண்டுவிட்டது என்று கேலி செய்தேன்.

பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் இருந்த அவள் மண் தட்டை (பூனை சிறுநீர், மலம் கழிக்க வைப்பது) குளியலறைக்கு மாற்றினேன். அன்றிலிருந்து தினமும் டிரம்மை ஒட்டி வெறுந்தரையில் போனாள். தட்டைக் காட்டினேன், அதட்டினேன், ஒருநாள் முதுகில் ஓர் அடியும் வைத்தேன். இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சோமனூர்ப் பக்கம் தன் தங்கையின் தோட்டத்தில் விட்டுவிடலாம் என்றார் வீட்டுக்காரர். நானும் தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தோம். புது இடத்துக்குப் போகிறாளே, ஒரு தடுப்பூசி போட்டுவிடலாம் என்றுதான் கோவையில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன்.

மருத்துவர் சின்ன வயதுப் பெண். ஏன் விடுகிறோம் என்று விசாரித்தார். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன்.

“ஏனுங்கம்மா, எப்பவும் ஒரே எடத்துலதான் போகுதுங்களா?”

“ஆமாங்க. முன்னால தட்டு இருந்த எடத்துல.”

“அப்ப அது திமிரில்லைங்க. சரியான எடத்துக்குத்தான் போறோம்னு அது நெனச்சுட்டு இருக்குது.”

நான் அடித்த அதே முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

தைராய்டு (கழுத்துச் சுரப்பி), சிறுநீரகம், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார். பெரிதாகக் கோளாறு இல்லை. மனிதர்களைப் போலவே வயதான பூனைக்கும் மூளை சுருங்கும், நினைவும் திசையும் குழம்பும் என்றார். இதற்கு அறிவாற்றல் குறைபாடு என்று பெயர். குணமாகாது, ஆனால் பொருள்களை இடம் மாற்றாமல், உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் நிம்மதியாக இருப்பாள். புது இடத்தில்தான் அடியோடு தொலைந்துபோவாள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தட்டைப் பழைய மூலையில் வைத்தேன். சின்னு நேராகப் போய் அதில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். ஞாயிற்றுக்கிழமைப் பயணம் அதோடு நின்றுபோனது.

உங்கள் வீட்டுப் பூனையும் இப்படிச் செய்தால், அடிப்பதற்கு முன் எந்த இடத்தில் என்று பாருங்கள். அந்த ஒரு கேள்விக்காக அந்தப் பெண்ணுக்கு ஆயுளுக்கும் நன்றி சொல்வேன்.

இப்போது ஒரு வேளைச் சோற்றை நாலாகப் பிரித்து வைத்திருக்கிறேன். சாப்பிட்டதை மறந்து வந்து நிற்பவளுக்கு ஒவ்வொரு முறையும் அது முதல் சோறுதான். பீரோ இடுக்கில் மாட்டினால் வீட்டுக்காரர் தூக்கித் திருப்பி விடுகிறார். “இந்தப் பக்கம் வா அம்மணி” என்கிறார்.

எனக்கு அறுபத்தொன்று. எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நானும் சில நேரம் சமையலறையில் நிற்கிறேன். முன்பெல்லாம் பயந்துபோவேன். இப்போது அவசரப்படுவதில்லை. சின்னு வந்து காலில் உரசுகிறாள். சரி, இவளுக்குச் சோறு வைக்கத்தான் வந்திருப்பேன் என்று கிண்ணத்தை எடுக்கிறேன்.