மரியாதையாகச் சிறை வைக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமை

தங்கவேல் போன மாதம் ரிடையர் ஆகிவிட்டார். பென்ஷன் பேப்பரும் கைக்கு வந்துவிட்டது. ஆகவே, இதை இனி எழுதலாம்.

தங்கவேல் என்பது அவருடைய நிஜப் பெயர் அல்ல. கணபதி ஏரியாவில் எனக்கு அடுத்த தெரு. சாலை சம்பந்தப்பட்ட ஒரு அரசு ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தார். வாரம் முழுக்க மேப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மேப்பைச் சுருட்டி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, அதில் இருக்கிற பாதை நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்கக் கிளம்பிவிடுவார். துணைக்கு நான். டாக்டர் என் எடையைப் பார்த்துவிட்டு, தினமும் நடக்கச் சொன்னார். நடப்பது போரடித்தது. எனவே சைக்கிள்.

தார் ரோடு எங்களுக்கு ஆகாது. லாரிக்காரர்களுக்கு எங்களை ஆகாது என்பதுதான் உண்மை. அதனால் கிராவல் பாதை, வாய்க்கால் கரை, இட்டேரி. இரண்டு பக்கமும் வேலி நிற்க, நடுவில் வண்டி மட்டும் போகிற மண் தடத்துக்கு எங்கள் பக்கம் இட்டேரி என்று பெயர். வழியில் பழைய கோயில், கல்வெட்டு, வீரக்கல் ஏதாவது இருந்தால் இறங்கிப் பார்ப்போம். நான் நோட்டில் குறித்துக்கொள்வேன். இந்தப் பத்திக்கு விஷயம் வேண்டுமே.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு. விடிகாலை பஸ் மேல் சைக்கிள்களை ஏற்றி, கோபிசெட்டிபாளையத்தில் இறங்கினோம். வாய்க்கால் கரையோடு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் வாழை, தூரத்தில் பவானி ஆறு. சக்கரத்துக்கடியில் சரளைக்கல் நறநறவென்று அரைபடும் சத்தம் மட்டும். பிறகு வாய்க்காலை விட்டு மேட்டில் ஏறி, ஒரு ஊரைத் தொட்டோம். ஊர்ப் பெயர் வேண்டாம்.

ஊர் எல்லையில் ஒரு வீரக்கல். வில்லோடு ஒருவன், பக்கத்தில் ஒரு பன்றி. தங்கவேல் அதன் உயரத்தைச் சாண் போட்டு அளந்தார். நான் எழுதினேன். மேப்பை விரித்து இடத்தைக் குறித்தார். முன் சக்கரத்தில் தூரம் காட்டுகிற மீட்டர் ஒன்று வைத்திருந்தார், அதையும் குனிந்து படித்தார். இரண்டு பேர் தலையிலும் கான்வாஸ் தொப்பி.

நிமிர்ந்து பார்த்தால் சுற்றி முப்பது பேர்.

“ஏனுங்க, கொஞ்சம் கோயில் மண்டபம் வரைக்கும் வந்துட்டுப் போகலாமுங்களா?” என்றார் முன்னால் நின்றவர். பெயர் சென்னியப்பன். அந்த ஊர் பால் சொசைட்டியின் செயலாளர்.

“நேரமாச்சுங்க. இன்னொரு நாளைக்கு வாறோம்” என்றேன்.

“இல்லீங்க. உங்களைப் புடிச்சு வெச்சிருக்கறமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

சைக்கிளைப் பார்த்தேன். நான்கு டயரும் தரையோடு படிந்திருந்தன.

“காத்தைப் புடுங்கி உட்டுட்டமுங்க. போறப்ப நாங்களே அடிச்சுக் குடுத்தர்றமுங்க” என்றார் சென்னியப்பன்.

மண்டபத்தில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். இளநீர் வந்தது. காபி வந்தது. சர்க்கரை போதுமா என்று கேட்டார்கள். உலகத்தில் வேறு எங்காவது கைதியிடம் இதைக் கேட்பார்களா? எங்கள் ஊர்ப்பக்கம் கோபத்துக்கும் ‘ங்க’ உண்டு. அதனால் எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு கோபம் என்று கடைசி வரை பிடிபடாது.

விஷயம் இதுதான். பத்து நாள் முன்னால் ஒரு ஜீப் வந்திருக்கிறது. இறங்கியவர்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பயிர் வைக்கிற காடுகளுக்குள் வரிசையாகக் கல் நட்டு, சிவப்புப் பெயிண்டில் என்னவோ எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். ரோடு வருகிறது என்றார்கள் சிலர். எங்கே வருகிறது, எவ்வளவு அகலம், யாருக்கும் தெரியாது. இப்போது மேப்போடு இரண்டு பேர், தொப்பி வேறு. விடுவார்களா?

“நீங்க அந்த ஆபீஸுங்களா?”

“இல்லீங்க. நான் பத்திரிகையில எழுதறவன். இவர் கணபதியில லேத் வெச்சிருக்கார்” என்றேன்.

பொய்தான். அவசரத்துக்கு லேத் தவிர எதுவும் வாயில் வரவில்லை. கணபதியில் யாரைக் கைகாட்டி லேத் என்றாலும் பாதிக்குப் பாதி சரியாகத்தான் இருக்கும்.

கூட்டம் கொஞ்சம் தளர்ந்தது. ஒரு பையன் பம்பு எடுத்து வரப் போனான். அப்போது தூண் ஓரமாக நின்றிருந்த ஒரு அம்மாள் முன்னால் வந்தார். நாற்பது வயதிருக்கும். ருக்மணி என்று பெயர். கணவர் இறந்து நாலு வருடம். மேட்டுக்காட்டில் மூன்று ஏக்கர், தனியாகவே பண்ணையம்.

“ஒரு கல்லு என்ற கெணத்துக்குப் பக்கத்துல நிக்குதுங்க. அதுல என்ன எழுதியிருக்குதுன்னு தெரிஞ்சாப் போதுமுங்க. அவுரும் நானுமா எட்டு வருசம் பாறையை ஒடைச்சு வெட்டுன கெணறுங்க அது. வாய்க்கா கண்ணுக்குத் தெரியுதுங்க, தண்ணி மேட்டுக்கு ஏறாதுங்களே.”

தங்கவேல் தொப்பியைக் கழற்றினார். நான் அவர் முழங்காலை அழுத்தினேன். பயனில்லை.

“எனக்குப் படிக்கத் தெரியுமுங்க. நான் லேத் இல்லீங்க. கவர்மெண்ட்டு டிராஃப்ட்ஸ்மேன்.”

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். அவரை அல்ல, என்னை. பொய் சொன்னவன் நான்தானே? பம்பு திரும்பிப் போனது.

காட்டுக்கு நடந்தோம். பின்னால் ஊரே வந்தது. தங்கவேல் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து படித்தார். ஒரு கல்லிலிருந்து இன்னொன்றுக்கு அடி அளந்து நடந்தார். மேப்பைப் பார்த்தார். மறுபடியும் நடந்தார். கிணற்று மேட்டில் நின்று கீழே எட்டிப் பார்த்தார். அறுபது அடி இருக்கும். அடியில் தண்ணீர் கறுப்பாக மின்னியது.

“அம்மணி, கெணறு ரோட்டுக்குள்ள வருதுங்க” என்றார்.

“முழுசாவுங்களா?”

“முழுசா.”

அழுவார் என்று நினைத்தேன். அந்த நேரம் மோட்டார் ரூமில் சிவப்பு பல்பு எரிந்தது.

“கரண்ட் வந்திருச்சுங்க. தண்ணி பாய்ச்சிப்போட்டு வந்தர்றனுங்க” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அரை மணி நேரம் நாங்கள் வேப்ப மரத்தடியில் நின்றோம். அவர் மடை மாற்றி மடை மாற்றி மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டினார். எங்கள் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. இன்னும் சில மாதத்தில் இல்லாமல் போகப்போகிற கிணற்றின் தண்ணீரை ஒரு பாத்தி விடாமல் கட்டிக்கொண்டிருந்தார். தங்கவேல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நோட்டை எடுங்க. ஆட்சேபணை மனு. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. என் கையெழுத்து ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்” என்றார்.

இரண்டு பக்கம் எழுதினேன். வடக்கே ஐம்பது அடி தள்ளினால் வேலிமுள் மண்டிய புறம்போக்கு. வீடு இல்லை, கிணறு இல்லை. ரோடு அங்கே ஒரு வளைவு வளைய வேண்டும், அவ்வளவுதான். மனுவோடு ஒரு வரைபடம் தேவைப்பட்டது. அதை நான் போட்டிருந்தால் ரோடு ஆற்றுக்குள் போயிருக்கும். அவரே போட்டார். மூலையில் வடக்கு காட்டும் அம்புக்குறியையும் போட்டார். ருக்மணி சேற்றுக் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்திட்டார். சென்னியப்பன் உட்பட ஊரே கையெழுத்திட்டது.

அப்புறம் அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய். நான்கு டயருக்கும் சொன்னபடி காற்று. என் டயரில் மட்டும் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

திரும்பும் வழியில் கேட்டேன். “எதுக்கு வாயைத் திறந்தீங்க? வேலை போனா?”

“கேட்டாங்க, சொன்னேன்” என்றார். பெடலை அழுத்தி முன்னால் போய்விட்டார்.

அந்த மனு நேராக ஆபீஸுக்குப் போய், பல மேஜைகள் ஏறி இறங்கி, மூன்று மாதம் கழித்து தங்கவேலின் மேலதிகாரி மேஜைக்கு வந்தது. அவர் தங்கவேலைக் கூப்பிட்டார். அன்று தங்கவேல் வீட்டில் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. சஸ்பெண்ட் ஆனால் சம்பந்தம் நிற்குமா? மனிதர் வெளிறிப்போய் உள்ளே நுழைந்திருக்கிறார்.

அதிகாரி வரைபடத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். வடக்கு அம்புக்குறி மேல் பென்சிலை வைத்துத் தட்டினார். முப்பது வருடமாக அந்த ஆபீஸ் மேப்புகளில் எல்லாம் இருக்கிற அதே அம்புக்குறி. வாலில் ஒரு சின்னச் சுழி.

“யாரோ கிராமத்து ஆளு போட்டிருக்காங்க போல” என்றார் அதிகாரி.

“ஆமாங்க சார்.”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா தெற்கு எல்லையில ரெண்டடி தப்பு. அளந்து சரி பண்ணி ஃபைல்ல வைங்க.”

அவ்வளவுதான். தங்கவேல் அலுவல் ரீதியாகவே போய் அளந்தார். ஜீப்பில் போனார், தொப்பி இல்லாமல். இரண்டடி தப்பு நிஜமாகவே இருந்ததாம். ரோடு போன வருடம் வந்துவிட்டது. ருக்மணி கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டிவிட்டார்.

நேரான ரோடு ஒன்று அந்த ஊர் வந்ததும் காரணமே தெரியாமல் வடக்கே வளைந்து, மறுபடி நேராகிறது. பஸ் டிரைவர்கள் எல்லாம் அங்கே, ரோடு போட்டவனைத் திட்டிக்கொண்டேதான் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார்கள். திட்டட்டும்... ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பினால் சரி.