அக்காவிடம் கேட்காத கேள்வி

என் மனைவி இறந்த வருடம், பர்மாவில், பசுந்தாங் பகுதியில் நான்காம் மாடியில் இருக்கும் என் வீட்டுக்கு அக்கா வந்து சேர்ந்தாள். கல்யாணம் ஆகாதவள். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள், பிறகு என்னைப் பார்த்துக்கொள்ள வந்தாள். வெளிநாட்டு வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு முன்னறையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். தெருவில் எல்லோருக்கும் அவள் ‘சயாமா’, பர்மியத்தில் டீச்சரம்மா என்று அர்த்தம்.

பேச்சு தெளிவாகக் காதில் விழும் என்று பழைய இங்கிலாந்துப் படங்களைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவாள். ஒரு மாணவி கொண்டுவந்து கொடுத்த கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படம் அக்காவுக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒரு சின்ன கிராமம். அங்கே தபால் நிலையம் நடத்தும் வயதான பெண் ஒருத்தி, சர்ச் மணி அடிக்கும் பிரம்மச்சாரி ஒருவர். இரண்டு பேருக்கும் முடிச்சுப் போட ஊரே கூடிப் பொய் சொல்கிறது. அவர் உன்னையே நினைத்து உருகுகிறார் என்று அவளிடம் சொல்கிறார்கள். அவரிடமும் போய் அதையே சொல்கிறார்கள்.

எனக்கும் அந்த விளையாட்டுப் புத்தி வந்தது. எங்கள் சர்ச்சில் ஒருவர் இருந்தார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். ஒரே மகள் மலேசியாவில் இருந்தாள். அக்காவிடம் ஒரு நல்ல படம் இருக்கிறது, நீங்கள் வந்தால் சந்தோஷப்படுவாள் என்று அவரிடம் சொன்னேன். அவராகவே வரட்டுமா என்று கேட்டார் என அக்காவிடம் சொன்னேன்.

அந்த ஒரு படத்தைப் பார்த்து முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. பாதியில் கரண்ட் போய்விடும். அக்கா ஜன்னலைத் திறந்துவிட்டு டீ போடுவாள். மாண்டலே வண்டியில் வாத்தைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு வந்த பெண்ணைப் பற்றி அவர் சொன்னபோது அக்கா சிரித்த சிரிப்பு எனக்கு அடுப்படிவரை கேட்டது. அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. மூன்றாவது வாரம் முடிவுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கரண்ட் போனது. மிச்சக் கதையை அவர்கள் இரண்டு பேருமே சொல்லி முடித்தார்கள். அதன்பிறகு படம் இல்லாமலேயே அவர் வரத் தொடங்கினார்.

ஒரு நாள், நகரத்தின் கியாக்டடா பகுதியில் இருக்கும் என் ஆபீஸ் வாசலில், இஸ்திரி போட்ட சட்டையோடு காத்துக்கொண்டிருந்தார். டீக்கடையில் உட்கார்ந்தோம்.

“தம்பி, மீதி நாளை உங்க அக்காகூட இருந்து கழிக்கணும்னு ஆசையா இருக்கு,” என்றார். “நேர்ல கேக்க எனக்கு வாய் வரல. நீங்க கேட்டுச் சொல்லுங்க. வேணாம்னாலும் வருத்தப்பட மாட்டேன்.”

கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வீடு திரும்பும் பஸ்ஸில்தான் பயம் பிடித்தது. மனைவி போனபின், அக்கா வருவதற்கு முன், ஆறு வாரம் தனியாக இருந்தேன். ஆள் குரல் வேண்டுமென்று ரேடியோவை அணைக்காமலே வைத்திருந்த நாட்கள் அவை. அக்கா போய்விட்டால் மறுபடியும் அதுதான் என்று தோன்றியது. அவளிடம் நான் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் அவரிடம், அக்காவுக்கு இஷ்டமில்லை என்று சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்டுச் சொன்னதே பெரிய உதவி என்றார். என் முகம் வாடியிருந்ததைப் பார்த்து எனக்கே ஆறுதல் சொன்னார்.

பிறகு அவர் வீட்டுக்கு வரவில்லை, சர்ச்சிலும் எங்களுக்கு முந்தின ஆராதனைக்கே வந்து போய்விடுவார். அக்கா இரண்டு முறை விசாரித்தாள். முழங்கால் வலியாம், மாடி ஏற முடியவில்லையாம் என்றேன். சில மாதம் கழித்து, மகளிடமே போய்விடுவதாகச் சொல்லிக்கொள்ள வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“சயாமா, நான் ஏதாவது சங்கடப்படுத்தியிருந்தா மன்னிச்சுக்குங்க.”

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படி ஒன்றும் இல்லையே என்று மெதுவாகச் சொன்னாள். அவர் நான்கு மாடியும் இறங்கித் தெருவுக்குப் போகும்வரை கதவைச் சாத்தாமல் நின்றாள்.

போன வருடம் ஆராதனை முடிந்ததும், அவர் மலேசியாவில் இறந்துவிட்டதாகப் போதகர் அறிவித்தார். அக்கா அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். “என்ன வார்த்தை சொல்லிக் கேட்டாரு?”

சொன்னேன். இன்னொரு தடவை சொல் என்றாள். மூன்றாவது தடவையும் சொல்ல வைத்தாள்.

“ஒன்ன விட்டுட்டுப் போயிருக்க மாட்டேன்டா,” என்றாள். குரலில் கோபம் இல்லை. “அவரையும் இங்கயே வந்து இருக்கச் சொல்லியிருப்பேன்.”

இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

பிறந்ததிலிருந்து எங்கள் இருவருக்குள் தமிழ்தான் பேச்சு. அன்றுமுதல் அக்கா என்னிடம் பர்மியத்தில் பேசுகிறாள், கடைக்காரர்களிடம் பேசுவதுபோல மரியாதையாக. சமைக்கிறாள், என் மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கிறாள், காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். எதிலும் குறை வைப்பதில்லை. சாப்பாடு வைத்தாயிற்று, வாருங்கள் என்று பர்மியத்தில் கூப்பிடுகிறாள். வர்றேன்க்கா என்று தமிழில் சொல்லிவிட்டு எழுந்து போகிறேன்.