நாற்றை மிதித்தால் நட்டுவிட்டு ஓடு

நீடாமங்கலம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக நான் பி.டி. டீச்சர். மைதானம் என்ற பெயரில் எங்களுக்கு இருந்தது முள்ளுக்காடு. அதனால் பெண்களை வரப்பில் ஓடவிட்டேன், வெறுங்காலோடு. மாவட்ட கிராஸ் கண்ட்ரி கோப்பை பதினோரு தடவை எங்கள் அலமாரிக்கு வந்தது அப்படித்தான். யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தேன். வழுக்கி வயலில் விழுந்து நாற்றை மிதித்தவள், அதை நட்டுவிட்டுத்தான் மேலே ஓடவேண்டும். இல்லாவிட்டால் வயல்காரர் மறுநாளே மண்வெட்டியும் கையுமாகப் பள்ளிக்கு வந்து நிற்பார்.

அதிகம் விழுந்தவள், மாநிலப் போட்டியில் முதலில் ஜெயித்த என் மாணவி. அவளுடைய கல்லூரி விண்ணப்பம் எழுதியதிலிருந்து கல்யாணப் பந்தி விசாரித்தது வரை நான்தான். அவளும் பி.டி. டீச்சராகி, எங்கள் மாவட்டத்திலேயே ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தாள். போன வருஷம் வந்து, "டீச்சர், நம்ம புள்ளைங்க ஓடுறத பாக்கணும்போல இருக்கு" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. குத்தகைக்கு உழும் ஒருவரின் மகள் அப்போது எங்களிடம் ஒன்பதாவது படித்தாள். "இவள பாரு, உன்னையே தூக்கிச் சாப்பிட்டுருவா" என்று நானே விரல் நீட்டிக் காட்டினேன். மடச்சி!

தேர்தல் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தால், அந்தப் பெண்ணுக்கு டி.சி. வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள், அந்தத் தனியார் பள்ளிக்கு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற ரோஷத்தில் நானும் அவர்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை.

மாவட்டப் போட்டியன்று புது பூட்ஸ் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணே என்னைத் தேடி வந்தாள்.

"நான் என்ன டீச்சர் தப்பு பண்ணேன்? என்னை கூட்டிட்டுப் போகச் சொன்னதே நீங்கதானாமே. உங்ககிட்ட படிச்ச அக்காதான் சொன்னாங்க. அதனாலதான் அப்பா சரின்னாங்க."

அடிப்பாவி! எதிர்ப்பக்கம் பார்த்தேன். நான் வளர்த்தவள் குனிந்து யாருக்கோ நம்பர் துணி குத்திக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. இந்தத் தடவை மிதித்துவிட்டு நடாமலே ஓடியிருந்தாள்.

'நான் சொல்லவே இல்லடி' என்பது தொண்டை வரை வந்துவிட்டது. பெண்ணின் உதடு துடித்தது. இன்னும் ஐந்து நிமிஷத்தில் விசில். அழுதுகொண்டே ஓடுகிறவளுக்கு மூச்சு தாங்காது.

"ஆமாண்டி, நான்தான் சொன்னேன். உன் நல்லதுக்குத்தான். மொத சுத்துல அவசரப்படாத, போ."

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். ஜெயித்தாள். என் பழைய மாணவி அவள் தோளில் கை போட்டுக் கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டாள். அவள் சொன்ன பொய்க்கு நானே சாட்சி சொல்லிவிட்டு, மிச்சமிருந்த ஐந்து பெண்களோடு பஸ் ஏறினேன்.