தில்லைநாதனின் குரல் இருந்த கெசெற்றுகள்

யோகராணிக்கு அந்த வேலையைத் தொடங்கவே மனமில்லை. வெள்ளவத்தைக் கடற்காற்று வீட்டில் எதையும் விட்டுவைப்பதில்லை. அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த வீடியோ கெசெற்றுகளிலும் வெள்ளையாகப் பூஞ்சணம் படரத் தொடங்கியிருந்தது. மெல்பேர்னில் இருக்கும் மகள் சாருஜா, "இன்னொரு மழைக்காலம் போனா ஒண்டும் மிஞ்சாதம்மா, டிஸ்கில ஏத்தி வையுங்கோ" என்று கிழமைக்குக் கிழமை சொல்லிக்கொண்டிருந்தாள்.

சொல்பவளுக்குச் சுலபம். யோகராணிக்கு அறுபது தாண்டிவிட்டது. பகல் முழுவதும் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசை. மாலையில் வீடு. பிறகு கணவர்.

தில்லைநாதன் காப்புறுதிக் கந்தோரில் வேலை பார்த்தவர். ஆனால் சனத்துக்கு அவரைத் தெரிந்தது மேடையில்தான். கலியாணமோ பரிசளிப்போ கோயில் விழாவோ, ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்துவிட்டால் மண்டபம் அடங்கிவிடும். மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது காலை இழுத்திழுத்து நடக்கும் அளவுக்குத் தேறினார். பேச்சு தேறவில்லை. "சரி" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. தேத்தண்ணி வேணுமோ என்றால், சரி. வேண்டாமோ என்றாலும், சரி. எது வேணும் எது வேண்டாம் என்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அது சில நாள் சரிவரும், பல நாள் சரிவராது.

கடைசியில் மருதானையில் பழைய ரேடியோ, டிவி திருத்தும் சப்ரியிடம் போனாள். ஒரு பக்கம் கெசெற்றும் மறு பக்கம் டிஸ்கும் போடக்கூடிய ரெக்கோடர் ஒன்றை அவர் தேடி எடுத்து வைத்திருந்தார். கெசெற்றுகளையும் வாங்கித் துடைத்துக் கொடுத்தார்.

"இந்த பட்டன அமத்துங்க மிஸ், அது தானா ஏறும். ஒரு மணித்தியால கெசெற்றுன்னா ஒரு மணித்தியாலம் போகும், அவசரப்பட ஏலாது. முடிஞ்ச பொறகு பைனலைஸ் குடுக்க மறந்துராதீங்க. இல்லாட்டி வேற மெஷின்ல ஓடாது."

வேலை முடிந்து வந்து ஒரு கெசெற்றைப் போட்டு, பட்டனை அமத்திவிட்டுச் சமைக்கப் போவாள். போகுமுன் டிவியின் சத்தத்தை முற்றாகக் குறைத்துவிடுவாள். எல்லாக் கெசெற்றும் தில்லைநாதன் எடுத்தவை. படத்தில் அவர் இல்லை, குரல்தான் இருந்தது. முதல் நாள் அந்தக் குரல் "ராணி, இஞ்சை பாரும்" என்று கூப்பிட்டபோது அவள் கையிலிருந்த கோப்பையை அப்படியே மேசையில் வைத்துவிட்டு நின்றாள். கதிரையிலிருந்த மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவள் சத்தம் வைக்கவில்லை.

ஒரு போயா தினம், பௌர்ணமி விடுமுறை. கிளினிக் பூட்டு. பகலில் தில்லைநாதனைப் பார்த்துக்கொள்ளும் மயிலம்மா ஹட்டனுக்குத் தன் வீட்டுக்குப் போயிருந்தாள். அவரைக் குளிக்க வார்த்து, சாப்பாடு தீத்தி, உடுப்புத் தோய்த்துப் போட்டுவிட்டு வந்த யோகராணி கெசெற்றைப் போட்டாள். டிவி ரிமோட்டின் பற்றரி செத்துக் கிடந்தது. எழும்பிப் போய்ச் சத்தத்தைக் குறைக்கக்கூட உடம்பில் தெம்பில்லை. செற்றியில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

விழித்தபோது இரண்டு குரல்கள் கேட்டன.

டிவியில் கல்கிசைக் கடற்கரை. நாலு வயதுச் சாருஜா மணலில் ஓடத் தயாராக நிற்கிறாள். "அப்பா எண்ணுறன், மூண்டு எண்டதும் ஓடி வாங்கோ. ஒண்டு... ரெண்டு..." என்றது கமெராவுக்குப் பின்னாலிருந்த குரல். கதிரையிலிருந்து இன்னொரு குரல், கரகரப்பாக, "மூண்டு" என்றது.

யோகராணி எழும்பி ரெக்கோடரை நிறுத்தினாள். கெசெற்றைச் சற்றுப் பின்னுக்குச் சுற்றினாள். ஓடவிட அவளுக்குத் தெரிந்தது சப்ரி காட்டிய, டிஸ்கில் ஏற்றும் அந்தப் பட்டன்தான். அதையே திரும்ப அமத்தினாள். இந்தத் தடவை அவர் ஒன்றிலிருந்தே எண்ணினார். திரும்பச் சுற்றினாள். திரும்பவும் எண்ணினார்.

"என்ரை பேரைச் சொல்லுங்கோ பாப்பம்," என்றாள்.

"சரி," என்றார் அவர்.

அவள் செற்றியில் போய் இருந்து, நெடுநேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவள் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "எண்ணுறது, தேவாரம் பாடுறது எல்லாம் பழக்கத்தில வாறது அன்ரி. பேச்சு திரும்புது எண்டு நினைச்சு ஏமாறாதேங்கோ. ஆனா பாவிக்கலாம். கதிரையால எழுப்பேக்கை அவரையே எண்ணச் சொல்லிப் பாருங்கோ."

அதுவரை அவரை எழுப்புவதென்றால் அவளுக்கு முதுகு முறிந்துவிடும். இப்போது அவர் எண்ணுவார், மூன்றில் இருவரும் சேர்ந்து எழும்புவார்கள். மயிலம்மாவும் அதைப் பழகிக்கொண்டாள். "ஐயா எண்ணுறப்போ அவங்களே பாதி எந்திரிச்சிடுறாங்கம்மா," என்றாள். அதற்கு மேல் ஒன்றும் மாறவில்லை. யோகராணி மகளிடமும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையும் எதையாவது நம்பிக்கொண்டு இருக்கும், பிறகு அவளையும் தேற்ற வேண்டும்.

டிஸ்குகள் எல்லாம் முடிந்து, தெரிந்தவர் ஒருவர் கையில் மெல்பேர்னுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு ஞாயிறு காலை சாருஜா அழைத்தாள்.

"அம்மா, ஒரு டிஸ்கில அந்த பீச் சீன் திரும்பத் திரும்ப வருது. மெஷின் பிழையோ?"

"மெஷின் ஒண்டும் பிழையில்லை. நான்தான்."

பிறகு நடந்ததைச் சொன்னாள். களைத்த குரலில், சுருக்கமாக.

"அப்பாட்ட குடுங்கோ," என்றாள் சாருஜா.

யோகராணி போனை அவர் காதருகே பிடித்தாள்.

"அப்பா, நான் சாரு. ஒண்டு..."

தில்லைநாதன் போனைத் தன் இடது கையால் வாங்கிக்கொண்டார். "ரெண்டு," என்றார். "மூண்டு. நாலு." நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் மகள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யோகராணிக்கு விளங்கவில்லை. அவர் இருபதையும் தாண்டி எண்ணிக்கொண்டிருந்தார். அவள் குசினிக்குப் போய் அரிசியைக் கழுவி உலையில் போட்டாள்.