பெயர் நீக்கிய பிரதி

என் மேசையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் கிடக்கிறது. ஒரு முனை லேசாக வளைந்தது. பின்பக்கம் காம்பஸ் முள்ளால் கீறிய ஒரு பெயர் இருக்கிறது, இனிஷியலோடு. பள்ளிக்கூடத்தில் யாரும் சுட்டுக்கொண்டு போகாமலிருக்க டிபன் பாக்ஸிலும் ஜியாமெட்ரி பாக்ஸிலும் கீறி வைப்போமே, அந்த மாதிரிக் கோணல் எழுத்து. எங்கள் கல்லூரியில் கணிதம் கற்பித்தல் எடுத்துக்கொண்டிருந்த அக்காவின் ஸ்கேல் அது. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. ஒரே அறையில், எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்ட பழக்கத்தில் வந்த அக்கா. ஒருநாள் மதியம் அவள் இந்த ஸ்கேலைக் கம்ப்யூட்டர் திரைமேல் வைத்து அளந்துகொண்டிருந்தாள். பக்கத்தின் நான்கு ஓரத்திலும் ஓர் அங்குலம் விட வேண்டும் என்று ஆய்விதழ்க்காரர்கள் கேட்டிருந்தார்கள். "இங்க பாருடி, ஒரு இன்ச்சுதான் வச்சிருக்கேன். ஸ்கேலு ஒன்றரை காட்டுது. இன்னா மிஷினுடி இது, பொய் சொல்லுது" என்றாள். திரையில் பெரிதாக்கிக் காட்டுவதால் அப்படி, பிரிண்ட் எடுத்தால் சரியாக வரும் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் நம்பவில்லை. பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு தாளாக வைத்து அளந்து பார்த்த பிறகுதான் சாப்பிட வந்தாள்.

அவ்வளவு ஒழுங்காக அளந்தவளுக்கு நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வில்லியனூரிலிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் இருக்கும் ஒரு தனியார் பி.எட். கல்லூரி எங்களுடையது. அக்கா அந்தப் பக்கத்துக் கோயில் கிராமம் ஒன்றில் பிறந்தவள். மாதா கோயில் மணிக்கு எழுந்து, பூசைக்குப் போய்விட்டு, அங்கிருந்து நேரே கல்லூரிக்கு வருவாள். பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்னால் அவள் பெயரில் ஒரு கட்டுரையாவது தகுதியுள்ள ஆய்விதழில் வந்திருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. நீட்டிப்பு வாங்கி, அதற்குமேல் நீட்டிப்பு வாங்கி, இனி நீட்டிப்பே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பட்டம் இல்லாதவர்களை அடுத்த ஆண்டு முதல் வைத்துக்கொள்ள முடியாது என்று கல்லூரி நிர்வாகமும் சொல்லியிருந்தது. ஆக, அந்தக் கட்டுரை வந்தால் பட்டம், பட்டம் வந்தால் வேலை. வராவிட்டால் இரண்டும் போச்சு.

அவளுடைய ஆய்வு எதைப் பற்றியது என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குச் சொல்லும்போதே ஆசையாக இருக்கிறது. மடுகரைப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. பிள்ளைகளின் அப்பா அம்மாக்களில் பாதிப்பேர் விவசாயம், பாதிப்பேர் திருபுவனைக் கம்பெனிகளுக்குப் பஸ்ஸிலும் பைக்கிலும் போகிறவர்கள். 'பத்து நாற்பதுக்குப் புறப்பட்ட ரயில் ஒன்றே காலுக்கு வந்தால் பயண நேரம் எவ்வளவு' என்று பாடப்புத்தகம் கேட்கிறது. பிள்ளைகள் திருதிருவென்று முழிக்கிறார்கள். ஆசிரியர்கள், இதுங்களுக்கு நேரக் கணக்கே வராது என்று எழுதிவைத்துவிடுகிறார்கள். அக்கா ஒரு பையனிடம், "உங்கப்பாவ நான் பாக்கணுமே, எப்ப வரட்டும்?" என்று சும்மா கேட்டிருக்கிறாள். அவன் மூச்சுவிடாமல் சொன்னானாம்: "எங்கப்பா இந்த வாரம் செகண்டு ஷிப்டு டீச்சர். அடுத்த வாரம் நைட்டு, பகல்ல தூங்குவாரு. அதுக்கு அடுத்த வாரம் பஸ்ட்டு ஷிப்டு. அப்ப வாங்க, சாயங்காலம் வூட்ல இருப்பாரு." அம்மாவின் ஷிப்டு, அண்ணனின் ஷிப்டு, இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கும் வாரம் எது, சோறு யார் வடிப்பது என்று எல்லாவற்றையும் மனக்கணக்காகப் போடுகிற பிள்ளைகள். அந்தக் கணக்கிலிருந்து தொடங்கிப் புத்தகக் கணக்குக்கு எப்படிக் கூட்டிப்போவது என்பதுதான் அவள் கட்டுரை. கல்லூரி விட்டதும் பஸ் ஏறிப் போய், அந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து சேர்த்த கட்டுரை.

எழுதுவதைவிடப் பெரிய பாடு அதை ஆய்விதழ் கேட்ட வடிவத்துக்குக் கொண்டுவருவது. எழுத்தின் அளவு, வரிக்கு வரி இடைவெளி, சுருக்கத்துக்கு இத்தனை சொல்லுக்கு மேல் கூடாது, அட்டவணைகள் எல்லாம் கடைசியில், மேற்கோள் நூல்கள் அகர வரிசையில், முதல் வரி ஓரத்திலும் அடுத்த வரி உள்ளே தள்ளியும் என்று பெரிய கல்யாணத்துச் சீர்வரிசை மாதிரி நீண்டுகொண்டே போகும். ஒன்று குறைந்தாலும் படிக்காமலே திருப்பிவிடுவார்கள். நூலகத்தின் மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரில் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்தோம். ஒரு கமாவுக்காகச் சண்டை போட்டிருக்கிறோம்.

முகப்புப் பக்கத்தில் ஆசிரியரின் குடும்பப் பெயர் என்று ஓர் இடம். அக்கா அங்கே மாட்டிக்கொண்டாள். "நமக்கு ஏதுடி குடும்பப் பேரு? இனிஷியல்தானே இருக்கு." அப்பா பெயரைப் போடுவதா, கணவர் பெயரைப் போடுவதா என்று இரண்டு நாள் யோசித்தாள். கணவர் பிரிந்துபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. கடைசியில் அப்பாவின் பெயரை முழுதாக எழுதி, அதற்கு முன்னால் தன் பெயரைப் போட்டாள். அவளுடைய அப்பா பாகூர் ஏரிப் பாசனத்தில் குத்தகைக்குப் பயிர் வைத்தவர். இவள் எம்.எட். முடித்த வருஷம் போய்ச் சேர்ந்தார். "அச்சுல பாக்கச்சொல்லோ எங்கப்பா பேரும் கூடவே வரும்ல" என்று சொல்லிவிட்டு அந்தத் தாளை ஒரு தரம் நீவிவிட்டாள். இரண்டாவது பெயராகக் கல்லூரி முதல்வரின் பெயரைச் சேர்த்தாள். அவர் அந்தக் கட்டுரையில் ஒரு வரி எழுதியவர் இல்லை, படித்தவரும் இல்லை. ஆனால் எங்கள் கல்லூரியில் யார் எழுதினாலும் அவர் பெயர் இரண்டாவதாக வர வேண்டும், இது ஊரறிந்த வழக்கம். கோயில் உண்டியல் மாதிரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம்.

முகப்புப் பக்கம் தனிக்கோப்பு. கட்டுரை தனிக்கோப்பு. கட்டுரையை மதிப்பிடுகிறவருக்கு எழுதியவர் யார் என்று தெரியக் கூடாது என்பதால், கட்டுரைக்குள் ஆசிரியரை அடையாளம் காட்டுகிற எதுவும் இருக்கக் கூடாது என்பது ஆய்விதழின் விதி. நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. அக்கா அதையும் ஸ்கேல் வைத்து அளக்கிற மாதிரியே செய்தாள். 'என் முந்தைய ஆய்வில்' என்று இருந்ததை 'முந்தைய ஓர் ஆய்வில்' என்று மாற்றினாள். மடுகரையை 'ஒரு கிராமம்' ஆக்கினாள். திருபுவனையை 'அருகிலுள்ள தொழிற்பேட்டை' ஆக்கினாள். கோப்பை உருவாக்கியவர் யார் என்று கம்ப்யூட்டர் தானாகவே உள்ளே பதிந்து வைக்குமாம். விதிமுறையில் அதையும் சொல்லியிருந்தார்கள். அதைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்த தன் பெயரையும் அழித்துவிட்டு, "இப்ப சுத்தமா இருக்குடி" என்று கையைத் தட்டிக்கொண்டாள். இதைவிட ஒழுங்காக யாராலும் செய்திருக்க முடியாது.

எங்கள் கல்லூரியில் இன்னொரு வழக்கம் உண்டு. வெளியே போகிற எதுவும் கல்லூரியின் மின்னஞ்சலிலிருந்துதான் போக வேண்டும். பென் டிரைவில் போட்டு முதல்வர் அறையில் கொடுத்துவிட வேண்டும், அவரே அனுப்புவார். அக்கா கொடுத்தாள். முதல்வர், "எக்ஸலண்ட் மேடம், நம்ம காலேஜுக்கே பெருமை" என்று சொன்னதாக வந்து சொன்னாள். அன்றைக்கு எனக்கு கேன்டீனில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள்.

கட்டுரை வந்தது. ஒரு கமா மாறாமல், ஓர் அட்டவணை குறையாமல், அந்தப் பையன் சொன்ன செகண்டு ஷிப்டு, நைட்டு, பஸ்ட்டு ஷிப்டு கணக்கோடு அப்படியே வந்தது. மேலே முதல்வரின் பெயர். அதற்கு அடுத்து, சென்னையில் ஏதோ ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த முதல்வருடைய மகளின் பெயர். அக்காவின் பெயரைத் தேடித் தேடிக் கடைசிப் பக்கத்தில் கண்டுபிடித்தோம். தட்டச்சில் உதவியவருக்கு நன்றி என்று ஒரு வரி.

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போய்க் கதவருகே நின்றேன். அவர் எழுந்து நாற்காலி காட்டினார், அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. "உக்காருங்க மேடம். ஆன்லைன்ல டைட்டில் பேஜ் ஏத்தும்போது ஏதோ கன்ஃப்யூஷன் ஆயிடுச்சி. அடுத்த பேப்பர்ல உங்க பேர முதல்ல போட்டுடலாம்" என்றார். "எனக்கு அடுத்த பேப்பர் இல்ல சார், இதான் எனக்குக் கடைசி" என்றாள் அக்கா. அவர் பெல்லை அடித்து டீ சொன்னார்.

ஆய்விதழுக்கு எழுதினாள். எங்களுக்கு வந்த கோப்பில் ஆசிரியராக உங்கள் பெயர் எங்கும் இல்லை, ஆசிரியர் உரிமைத் தகராறுகளை அந்தந்த நிறுவனமே விசாரிக்க வேண்டும், நிறுவனத் தலைவரிடமிருந்து கடிதம் வாங்கி அனுப்புங்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது. நிறுவனத் தலைவர் யார்? அதே முதல்வர்தான். நிர்வாகத்திடம் போனோம். "வெளில தெரிஞ்சா காலேஜ் பேரு கெட்டுப்பூடும்மா, பெரிசு பண்ணாதீங்க" என்றார்கள். கெட்டுப்போவதற்கு அங்கே ஒரு பேர் இருந்ததாமா! அவளுடைய கைடு, தான் ஓய்வுபெறப் போகிற நேரம், பகைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். எல்லாரும் நல்லவர்கள். ஒருவர்கூட அக்காவைப் பார்த்து நீ பொய் சொல்கிறாய் என்று சொல்லவில்லை.

கட்டுரை போனாலும் ஆய்வேட்டையாவது கொடுத்துப் பார்ப்போம், வேறு ஓர் இதழில் வேறு ஏதாவது போட்டுக்கொள்ளலாம் என்று நான்தான் தேற்றினேன். ஆய்வேட்டை வாங்குவதற்கு முன் மென்பொருளில் போட்டுப் பார்ப்பார்கள், எங்கிருந்தாவது பார்த்து எழுதியிருக்கிறதா என்று. அக்காவின் நாலாம் அத்தியாயம் முழுக்கச் சிவப்பாக வந்தது. முதல்வரும் அவர் மகளும் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்தது என்று அறிக்கை சொன்னது. அவள் தரையில் உட்கார்ந்து கேட்டு எழுதிய பிள்ளைகளின் பேச்செல்லாம் சிவப்பு. அக்கா அந்த அறிக்கையைப் பக்கம் பக்கமாகத் திருப்பினாள். "நானே என்னப் பாத்துக் காப்பி அடிச்சிட்டேண்டி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அழுததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த ஆண்டோடு அவள் வேலை போயிற்று. மேசையைக் காலிசெய்யும்போது ஸ்கேலை என் பக்கம் தள்ளினாள். இப்போது திருபுவனையில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் இருக்கிறாள். யாருக்கு எந்த வாரம் எந்த ஷிப்டு என்று அட்டவணை போடுகிற வேலை. அவள் அட்டவணையில் இருப்பவர்களில் அந்த மடுகரைப் பிள்ளைகளின் அப்பாக்களும் உண்டு.

நான் இன்னும் அதே கல்லூரியில்தான் இருக்கிறேன். வீட்டில் இரண்டு வாய் என்னை நம்பி இருக்கிறது. போன மாதம் ஆசிரியர்களுக்கு ஒரு பயிலரங்கு நடத்தினார்கள். ஆய்விதழ்களுக்குக் கட்டுரையை எப்படித் தயாரிப்பது என்பது பொருள். பேச வந்தவர் முதல்வரின் மகள். இப்போது டாக்டர் பட்டமும் நல்ல வேலையும் உண்டு. எடுத்துக்காட்டாக அந்தக் கட்டுரையையே திரையில் போட்டார். ஓரம் நான்கு பக்கமும் எவ்வளவு ஒழுங்காக விட்டிருக்கிறது பாருங்கள் என்றார். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, "இந்தப் புள்ளைங்கள எந்த ஊர்ல பாத்தீங்க மேடம்?" என்று கேட்டேன். முன்வரிசையில் முதல்வரின் தலை மெல்லத் திரும்பியது. அந்த அம்மாள் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "ஊர்ப் பேரைச் சொல்றது ரிசர்ச் எத்திக்ஸுக்கு விரோதம் மேடம்" என்றார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. அந்தப் பையனைப் போலவே கணக்குப் போட்டேன்: இந்த வாரம் அவளுக்குச் செகண்டு ஷிப்டு, போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், டைம் ஆபீஸில் பெண்களுக்கு நைட்டு கிடையாது, அதனால் அடுத்த வாரம் பஸ்ட்டு ஷிப்டு, அப்போதுதான் சாயங்காலம் வீட்டில் இருப்பாள். அடுத்த வாரம் போனேன். இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்றேன். அரிசி களைந்துகொண்டே, "எழுது. ஆனா எம் பேரப் போட்டுடாத. கம்பெனில யாராவது படிச்சா அந்த வேலையும் பூடும்" என்றாள். ஸ்கேலைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். ஈரக் கையால் வாங்கித் திருப்பிப் பார்த்து, கீறலைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டாள். "நீயே வச்சிக்க. அங்க எங்கனா ஒரு எடத்துலயாவது இருக்கட்டும்."

அவள் கேட்டபடி நானும் அவள் பெயரை எங்கும் போடவில்லை. ஸ்கேல் என் மேசையில்தான் கிடக்கிறது, எழுத்து மேலே தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டிருக்கிறேன். பி.எட். பிள்ளைகள் கோடு போட இரவல் கேட்டு வருவார்கள். வாங்கும்போது அந்தப் பெயரைப் படித்துவிட்டு, "இது யாரு மேடம்?" என்று கேட்பார்கள்.