ஸ்டாண்டு வரிசைக்குக் கட்டுப்பட்ட செயலி

தொழில்நுட்பத் துறைக்குத் தலைவர் என்பவர், எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் யாருக்கும் ஞாபகம் வராத ஆள். மதுரையில் எங்கள் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தில் அந்த ஆள் நான். கணினியோடு மல்லுக்கட்டிவிட்டு அலுவலகத்தில் திட்டும் வாங்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்காவது படிப்பு இருக்கிறது. நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அதற்குமேல் படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரம். முப்பது வருடம் கோஷம் போட்டு, நூற்பாலை வாசலிலேயே வேலையைப் பறிகொடுத்தவன். வேலைநிறுத்தத்தில் என்னைப் போலீஸில் பிடித்துக் கொடுத்த ஆலை அதிகாரி இப்போது கடைத்தெருவில் பார்த்தால் ‘சார்’ என்கிறார். நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

அச்சகம் மறுத்த நோட்டீஸ்

ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது நான் எழுதிய நோட்டீஸின் இரண்டாவது வரியைப் படித்ததுமே அச்சகக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். நாமே அடித்துக்கொள்வோம் என்று ரோஷத்தில் ஆலைச் சங்கத்துக்கு ஒரு பழைய கணினியை வாங்கிப் போட்டோம். யாரும் சொல்லித் தராமல் தமிழ்த் தட்டச்சு பழகினேன். அன்றிலிருந்து ஒயர் உள்ள எதுவானாலும் என் தலையில்தான் விழுந்தது: உறுப்பினர் பட்டியல், இணையதளம், வாட்ஸ்அப் குழு எல்லாமே.

ஆலை மூடியபின் ஆட்டோ ஓட்டுநர் சங்கம் என்னை அலுவலகச் செயலாளராகச் சேர்த்துக்கொண்டது. பெரிய கம்பெனிகளின் செயலிக்குக் கைகட்டி நிற்பதைவிட, நமக்கென்று ஒரு செயலி வேண்டும் என்று முடிவானது. அதை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அதில் அரிச்சுவடிகூடத் தெரியாதே என்றேன். சங்கத் தலைவர் விடவில்லை.

“டைப் அடிக்கையில விரலைப் பாக்காம அடிக்கிற ஆளு நம்ம சங்கத்துலயே நீங்க ஒருத்தர்தாண்ணே.”

பன்னிரண்டு கோரிக்கைகள்

நிரல் எழுத சகுந்தலா வந்தார். மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் அவர்கள் பாஷை, வெளியில் சுத்தமான மதுரைத் தமிழ். பெங்களூரில் பதினைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். செயலி என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார். விடிய விடிய எழுதுவது எனக்குப் பழக்கம்தான். பன்னிரண்டு கோரிக்கைகளை வரிசையாக அடித்து, கடைசியில் ‘உடனடியாக நிறைவேற்று!’ என்று முடித்துக் கொடுத்தேன்.

படித்தார். எதை முதலில் செய்ய வேண்டும் என்று கேட்டார். பன்னிரண்டும் உடனே வேண்டும், ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க முடியாது என்றேன். அவர் காகிதத்தை மடித்து வைத்தார்.

“அண்ணே, நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு வந்துருச்சுன்னு வச்சுக்கங்க. இப்ப மூணு மட்டும் சொல்லுங்க.”

காளவாசலில் நாலாவது வண்டி

செயலி ஓடத் தொடங்கியபோதே பொதுக்குழு எங்களுக்கு மூன்று மாதம் கெடு கொடுத்திருந்தது. அதற்குள் செயலி நிலைக்காவிட்டால் மூடிவிடுவது, ஓட்டுநர்கள் அவரவர் இஷ்டப்படி பெரிய கம்பெனிக்குப் போய்க்கொள்வது. நான் நின்ற போராட்டங்களில் ஜெயித்தவை மிகக் குறைவு. இதையாவது தோற்கக் கூடாது என்று உள்ளுக்குள் ஒரு வைராக்கியம் இருந்தது.

முதல் வாரமே அலுவலகத் திரை முழுக்க மறுத்த சவாரிகளின் சிவப்பு. காளவாசல் ஸ்டாண்டில் ஆறு வண்டி நிற்கிறது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பயணி நிற்கிறார், ஆறு பேரில் ஐந்து பேர் சவாரியை மறுக்கிறார்கள். “இவங்களுக்குப் பொழப்பு வேணாமா?” என்று சகுந்தலா தலையில் கை வைத்துவிட்டார். நான் பஸ் பிடித்துப் போனேன். அங்கே உசிலம்பட்டிக்காரரான பாண்டியின் வண்டி வரிசையில் நாலாவதாக நின்றது. பயணிக்கு நாலடி பக்கம் என்று கணக்குப் போட்டு, செயலி சவாரியை முதலில் அவருக்குக் கொடுத்திருக்கிறது. வரிசையில் முதலில் நிற்பவர்தான் அடுத்த சவாரியை எடுக்க வேண்டும் என்பது மதுரையில் எந்த ஸ்டாண்டிலும் உள்ள கட்டுப்பாடு. அவரும் மற்றவர்களும் மறுத்து, செயலி முதல் வண்டிக்கு வந்து சேர்வதற்குள் பயணி நடையைக் கட்டிவிட்டார்.

வந்த சவாரியை விடலாமா என்று பாண்டியைக் கேட்டேன்.

“முன்னாடி நிக்கிறவன் காலையில இருந்து நிக்கிறான். அவனைத் தாண்டி வண்டிய எடுக்க ஒங்க ஆப்புக்கு வெக்கம் இல்லண்ணே, எனக்கு இருக்கு.”

எனக்கு எதிராக ஓர் ஆர்ப்பாட்டம்

செயலியை வரிசைப்படி திருத்துவதற்குக் குறைந்தது மூன்று வாரம் ஆகும் என்றார் சகுந்தலா. எனக்குப் பொறுமை இல்லை. மூன்று முறை சவாரியை மறுப்பவர் ஒரு நாள் செயலியிலிருந்து நீக்கப்படுவார் என்று வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போட்டேன். போட்டபின் படித்துப் பார்த்தால், எங்கள் ஆலை நிர்வாகம் ஒட்டும் நோட்டீஸ் மாதிரியே இருந்தது.

மறுநாள் காலை அலுவலக வாசலில் நாற்பது ஆட்டோ. முன்னால் நின்றவர் கோரிப்பாளையம் ஸ்டாண்டின் காதர் பாய். அவர்கள் விநியோகித்த நோட்டீஸை ஒருவர் மாடிக்கே கொண்டுவந்து கொடுத்தார். பழைய வேலைநிறுத்தத்தில் நான் எழுதியதேதான். மேலாளர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டிருந்தார்கள். இதில் ஒரு கூத்து, தங்கள் சொந்தச் செயலியையே ‘புறக்கணிப்போம்’ என்று நாற்பது பேரும், அவர்களைப் பார்த்து மற்றவர்களும் அணைத்து வைத்துவிட்டார்கள். ஊரில் யார் ஆட்டோ தேடினாலும் ‘வண்டி இல்லை’ என்று வந்தது. கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நாளைக்கூட இழக்க முடியாது. நான் கீழே இறங்கி, அறிவிப்பை வாபஸ் வாங்குகிறேன், வருத்தம் தெரிவிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்படி ஒரு வாசகத்தை அதுவரை நான் எழுதியதே இல்லை.

கூட்டம் கலைந்தது. காதர் பாய் மட்டும் மேலே வந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

“கோஷம் எப்படிண்ணே, சத்தம் மாடி வரைக்கும் கேட்டுச்சா?”

டீயும் வடையும்

அதன்பின் சகுந்தலாவும் நானும் ஒவ்வொரு ஸ்டாண்டாகப் போய் உட்கார்ந்தோம். எழுதாத சட்டம் எவ்வளவு இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனவருக்கு இடம் அப்படியே இருக்கும். பிரசவத்துக்குக் கூப்பிட்டால் வரிசை கிடையாது, யார் கையில் சாவி இருக்கிறதோ அவர் கிளம்ப வேண்டியதுதான். நாலு தெரு தள்ளி இறக்கிவிட்டு வந்தால் கோரிப்பாளையத்தில் மறுபடி முதலிடம். காளவாசலில் கடைசி இடம். எல்லாவற்றையும் சகுந்தலா நிரலில் ஏற்றினார்.

டீ குடிக்கப் போனவர் விஷயத்தில்தான் சிக்கல். எத்தனை நிமிடம் வரை அவர் இடத்தை வைத்திருப்பது? கணினிக்கு ஓர் எண் வேண்டும் என்று சகுந்தலா பிடிவாதம் பிடித்தார். ஸ்டாண்டே கூடி வாக்குவாதம் செய்தது. முடிவைச் சொன்னவர் பாண்டி.

“டீன்னா வரிசை நிக்கும்க்கா. வடைய வாங்கிட்டு பெஞ்சுல உக்காந்துட்டான்னா அம்புட்டுத்தேன், அடுத்த ஆளு.”

சகுந்தலா பத்து நிமிடம் என்று போட்டார்.

காதர் பாயின் காகிதம்

கெடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் பொதுக்குழு கூடியது. செயலிக்குள் வரிசை வந்தபின் சிவப்பு குறைந்திருந்தது. ஆனால் ஓட்டுநர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று திரை காட்டாது. செயலியைத் தொடர்வதா, மூடுவதா என்று தலைவர் கேட்டார். யாரும் கை தூக்குவதற்குமுன் காதர் பாய் எழுந்து சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்தார்.

வெயிலில் எழுத்து தெரியவில்லை. ஹார்ன் சத்தத்தில் சவாரி வந்த மணி கேட்கவில்லை. பாலத்துக்கு மேலே நிற்கிற பயணியைக் கீழே நிற்பதாகக் காட்டுகிறது. இப்படி ஒன்பது புகார். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ‘ஆமா, ஆமா’ என்றது. சகுந்தலா என் முகத்தைப் பார்க்கவில்லை. இதுவும் போயிற்று என்று எழுந்து நின்றேன். மூடிவிடுவதென்றால் கௌரவமாக நாமே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். காதர் பாய்க்குக் கோபம் வந்துவிட்டது.

“என்னண்ணே பேசுறீங்க? மூடுறதுக்கா நான் ராவெல்லாம் முழிச்சு இதை எழுதிட்டு வாரேன்? அடுத்த மாசத்துக்குள்ள எல்லாத்தையும் சரி பண்ணுங்க!”

செயலியைத் தொடர்வதற்கே கைகள் உயர்ந்தன, இதுவரை அந்த ஒன்பதில் ஐந்தைத் தீர்த்துவிட்டோம், மீதி நான்கு தீர்வதற்குள் புதிதாக ஆறு வந்துவிடும் போலிருப்பதால், என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வேலை நிரந்தரமாகிவிடும் என்று தோன்றுகிறது.