குடித்ததாக எழுதிய காப்பி

என் எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். படித்தது நாலாம் வகுப்பு. இப்போது மறதி வேறு... ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து இன்னொன்றில் போய் நிற்கிறேன். இந்த வாரம் அப்படி ஆகாது. ஒரு காப்பியைப் பற்றி மட்டும்தான்.

போன வாரம் பாலிக் புலாவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தோம். என் வீட்டுக்காரர் வயிறு நிறையக் காப்பி குடித்து முடித்திருந்தார். பெண்ணின் தாயார் இன்னொரு கோப்பையை நீட்டினார்.

"போதும்மா. குடிச்சதா எழுதிக்குங்க" என்றார் இவர்.

அந்தம்மா திருதிருவென்று விழித்தார். நான் துப்பட்டியால் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டில் இது பழைய பேச்சு. வெளியாளுக்கு எப்படிப் புரியும்? பஸ்ஸில் வரும்போது, "இதையும் பத்திரிகையில எழுதித் தொலைச்சிடு புள்ளே" என்றார். எழுதுகிறேன்.

ரப்பர் விலை விழுந்த வருஷமோ, அதற்கு முந்தியதோ... நோன்பு மாதம். கப்பித்தான் பள்ளிவாசல் பக்கம் ஒரு துணிக்கடையில் இவருக்கு வேலை. பின்வாசல் சாவி இவரிடம் இருக்கும். ஒரு நாள் காலை பட்டுக் கட்டு ஒன்றைக் காணோம். சாவி யாரிடம்? இவரிடம். அவ்வளவுதான் — போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது.

சாயங்காலம் நோன்புக் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். தனியாக வெளியே போய்ப் பழக்கமில்லை. வாசலில் நின்ற மலாய்க்காரப் போலீஸ் தம்பி ஒன்றும் கேட்காமல் சட்டியை வாங்கி உள்ளே கொண்டு போனார். எப்படியும் இவரை வீட்டுக்கு விடுவார்கள் என்று காத்திருந்தேன். சட்டிதான் திரும்பி வந்தது.

அப்புறம் கோர்ட். திருடியதை இவரே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று போலீஸ்காரர்கள் மாஜிஸ்திரேட்டிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். இவருக்கு யாரும் தமிழில் படித்துக் காட்டவில்லை. இதை எப்படி வாங்கினீர்கள் என்று மாஜிஸ்திரேட் கேட்கவும் இல்லை. இவர் எழுந்து ஏதோ சொல்லப் போனார் — உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஆறு மாதம் ஜெயில். பாசாரில் ஒரு மீனுக்குப் பேரம் பேசவே எனக்கு அந்த விசாரணையைவிட அதிக நேரமாகும்.

அப்பீல் செய்ய ஒரு வக்கீலைப் பிடித்தோம். அவரிடம் கணக்கு வழக்கு எழுதுகிற கிராணி சுங்கை பினாங்கிலிருந்து வருகிறவர், நல்ல மனிதர். எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தின் நகலை எனக்குத் தமிழில் சொன்னார்.

"மத்தியானம் காப்பியும் பிஸ்கட்டும் குடுத்தோம், குடிச்சிட்டு தானா மனசு விட்டு சொன்னாருன்னு எழுதியிருக்கு லாத்தா."

திருட்டை நான் ஒரு நிமிஷம்கூட நம்பியதில்லை. ஆனால் காப்பி? இவரைத் தெரியாதா எனக்கு? நோன்பு மாதத்தில் காப்பிக்கொட்டை வறுக்கும் கடை வழியாகப் போகப் பயந்து வேறு தெரு சுற்றிப் போகிற மனுஷன். மூக்குக்குக் கீழே கொண்டுவந்து நீட்டியிருந்தால்...

மறுநாள் கிராணியோடு ஜெயிலுக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் இளைத்துப்போய் நின்றார். நான் முதலில் சுகம் கேட்டிருக்க வேண்டாமா?

"மச்சான், உண்மையைச் சொல்லுங்க. நோன்போட காப்பி குடிச்சீங்களா?"

"என்ன கேட்டே?"

"காப்பி. பிஸ்கட்டும்."

முகம் சிவந்துவிட்டது. "திருடன்னு சொன்னானுங்க, பொறுத்துக்கிட்டேன். நோன்பை முறிச்சவன்னு நீ கேக்குறியே புள்ளே. காலையிலேர்ந்து நிக்க வச்சிருந்தானுங்க. சொட்டுத் தண்ணி தொடலே. பொழுது சாய்ஞ்சு மஃரிபுக்கு நீ கொண்டாந்த கஞ்சியத்தான் அந்த வாசல் தம்பியும் நானும் குடிச்சோம். அவன்கிட்ட கேளு லா."

"அப்ப கையெழுத்து ஏன் போட்டீங்க அண்ணே?" என்றார் கிராணி.

"போட்டா வீட்டுக்குப் போய் நோன்பு திறக்கலாம்னான் அந்தப் போலீஸ் துவான். அதுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இதைக் கோர்ட்டுல சொல்லலியே?"

"யாரு கேட்டா?"

பெரிய கோர்ட்டில் வக்கீல் இதைச் சொன்னார். அந்த வாசல் தம்பியைக் கூப்பிட்டார்கள். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. வேலைக்குப் பயந்து மாற்றிச் சொல்லிவிட்டால்? இவர் ஜெயிலுக்கே திரும்ப வேண்டியதுதான்.

தம்பி சத்தியம் செய்தார். தன் மேலதிகாரி பக்கம் திரும்பவே இல்லை. தரையைப் பார்த்தபடி மலாயில் சொன்னார் — அன்று பகல் முழுக்க அந்த அறையில் காவல் நின்றது தான்தான், காப்பி வரவில்லை. இவர் எதையும் குடிக்கவில்லை, நின்றுகொண்டே இருந்தார். மஃரிபுக்குத் தானும் இவரும் ஒரே சட்டிக் கஞ்சியில் நோன்பு திறந்தோம் என்றார். சொல்லிவிட்டு, கஞ்சியில் இஞ்சி ரொம்ப அதிகம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

கோர்ட்டே சிரித்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் உண்மைதான், அன்றைக்கு என் கை தவறிவிட்டது.

வெள்ளைக்கார ஜட்ஜ் சிரிக்கவில்லை. காப்பியே பொய் என்றால், காப்பி குடித்துவிட்டுச் சொன்னதை எப்படி நம்புவது என்று கேட்டார். தமிழில் படித்துக் காட்டாததும் தப்பு, பேசவிடாததும் தப்பு என்றார். தண்டனையை ரத்து செய்துவிட்டார். வெளியே வந்ததும் இவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? காப்பிதான். நோன்பு மாதம் அதற்குள் முடிந்திருந்தது.

யோசித்துப் பாருங்கள். 'ஒப்புக்கொண்டார்' என்று மட்டும் எழுதியிருந்தால் இவர் உள்ளேயேதான் இருந்திருப்பார். நல்லபடியாகக் கவனித்ததாகக் காட்ட ஒரு கோப்பைக் காப்பியைச் சேர்த்தார்கள் — மாட்டிக்கொண்டார்கள். செய்யாத உபசாரத்தைச் செய்ததாகச் சொல்கிறவர்கள் நம் சொந்தக்காரர்களிலும் இல்லையா என்ன?

அந்தத் தம்பி இப்போதும் ஒவ்வொரு நோன்பிலும் கஞ்சிக்கு வந்துவிடுவார். இஞ்சியைக் குறைத்துத்தான் போடுகிறேன்.

ஜட்ஜ் சொன்ன சட்டமெல்லாம் நான் எழுதியபடிதானா, ஆறு மாதமா எட்டு மாதமா... விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். காப்பியை மட்டும் சரிபார்க்க வேண்டாம். அதை நானே ஜெயில் வரைக்கும் போய்க் கேட்டுவிட்டேன்.